ஒரே ஆறு: செனட்டர் நாரிஸின் காடும் மின்சாரமும் அணையும்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. கணவர் இறந்துவிட்டார். உள்நாட்டுப் போருக்குப் போன மூத்த மகன் திரும்பி வரவில்லை. மிச்சமிருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பண்ணையை நடத்திவந்த அந்தத் தாய், வசந்த காலத்துப் பிற்பகல் ஒன்றில் குழி தோண்டிப் பழமரக் கன்று ஒன்றை நடுகிறார். கன்று சாயாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்த மகனுக்கு ஒரு சந்தேகம். வீட்டில் ஏற்கெனவே தின்று தீராத அளவுக்குப் பழம் இருக்கிறது. இந்தக் கன்று காய்க்கும் நாளில் அம்மா உயிரோடு இருக்கப் போவதும் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறான். தான் பார்க்க முடியாமல் போகலாம், ஆனால் யாரோ ஒருவர் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு அம்மா மண்ணைத் தள்ளி மூடுகிறார்.

ஜார்ஜ் வில்லியம் நாரிஸ் எண்பது வயதைக் கடந்தபின் எழுதிய தன்வரலாற்றில் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறார். 1861இல் பிறந்து, வழக்கறிஞராக நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, மாவட்ட நீதிபதியாகி, 1903 முதல் 1943 வரை நாற்பது ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர் அவர். முதல் பத்து ஆண்டுகள் கீழவையிலும் அடுத்த முப்பது ஆண்டுகள் செனட்டிலும் இருந்தார். காடு, மின்சாரம், அணை என்ற மூன்றைப் பற்றியும் சட்டம் இயற்றிய உறுப்பினர்கள் பலர் உண்டு. மூன்றையும் ஒரே கேள்வியாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மலையில் விழும் மழைத்துளி யாருடையது? அது ஆறாகி, அணையில் தேங்கி, மின்சாரமாகி, ஒரு வீட்டில் விளக்காக எரிகிறவரை இடையில் யார் யார் கை வைக்கலாம்? நாரிஸின் அரசியல் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அவருடைய பெருமையும் பிழையும் இதே கேள்விக்குள்தான் இருக்கின்றன என்பது என் வாதம்.

செனட்டில் அவர் நுழைந்த 1913ஆம் ஆண்டே முதல் சோதனை வந்துவிட்டது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே அணை கட்டிக் குடிநீரும் மின்சாரமும் எடுத்துக்கொள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம் அனுமதி கேட்டது. இயற்கைக் காவலர் ஜான் மியூர் உயிரைக் கொடுத்து எதிர்த்தார். நாரிஸ் நகரத்தின் பக்கம் நின்றார். பூங்காவின் அழகு அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நீரின் விசை தனியார் கம்பெனி கைக்குப் போகாமல் ஒரு நகரத்து மக்களுக்கே கிடைக்க வேண்டும் என்பது அவருக்குப் பெரிதாகப் பட்டது. 1913 டிசம்பரில் ரேக்கர் சட்டம் நிறைவேறியது. அணையின் மின்சாரத்தை மறுவிற்பனைக்காகத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதன் ஆறாவது பிரிவு தெளிவாகச் சொன்னது.

நடந்தது என்ன? பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. சட்டம் வந்த அடுத்த ஆண்டே மியூர் இறந்துபோயிருந்தார். நகரம் இழுத்துவந்த மின்கம்பித் தடம், வளைகுடாவின் மறுகரையில் நியூவார்க் என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மின்சாரத்தை வாங்கி நகர மக்களுக்கு விற்றது பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்னும் தனியார் கம்பெனி. இது ரேக்கர் சட்டத்துக்கு விரோதம் என்று 1940இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நகரத்துக்கென்று சொந்த விநியோக அமைப்பை வாங்கக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் பலமுறை வாக்கெடுப்பு நடந்து, ஒவ்வொரு முறையும் தோற்றது. பொதுமக்களுக்கு மின்சாரம் என்ற வாக்குறுதிக்காகப் பள்ளத்தாக்கைக் கொடுத்தார்கள். பள்ளத்தாக்கு போனது, வாக்குறுதியும் காற்றில் போனது. சட்டத்தில் ஒரு பிரிவு எழுதிவிட்டால் காரியம் முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

அடுத்த கட்டம் மசில் ஷோல்ஸ். அலபாமா மாநிலத்தில் டென்னசி ஆறு பாறைகளில் இடறி வேகமாக இறங்கும் இடம். முதல் உலகப் போருக்கு வெடிமருந்து தயாரிக்க நைட்ரேட் தேவைப்பட்டது. அதற்காக அரசு அங்கே இரண்டு ஆலைகளைக் கட்டியது. 1918இல் வில்சன் அணை வேலையையும் தொடங்கியது. அணை முடியுமுன் போர் முடிந்துவிட்டது. கோடிக்கணக்கில் மக்கள் பணம் கொட்டிய சொத்து சும்மா கிடந்தது. 1921இல் ஹென்றி ஃபோர்டு வந்தார். ஆலைகளை 50 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன், அணையை நூறு ஆண்டுக் குத்தகைக்குக் கொடுங்கள், விவசாயிகளுக்கு மலிவாக உரம் தருகிறேன் என்றார். அன்றைய அமெரிக்காவில் ஃபோர்டின் பெயருக்கு இருந்த மவுசு சொல்லி மாளாது. விவசாயச் சங்கங்களே அவர் பக்கம் சாய்ந்தன. அந்த வட்டாரத்தில் மனை வியாபாரிகள் கூட்டம் கூடி, வரப்போகும் நகரத்தின் பெயரைச் சொல்லியே காலி நிலத்தை விற்றார்கள்.

உரம் என்ற சொல் இருந்ததால் விவகாரம் செனட்டின் வேளாண்மை, வனக் குழுவுக்கு வந்தது. 1921 முதல் 1926 வரை அதன் தலைவர் நாரிஸ். டென்னசி ஆற்றுக்கும் நெப்ராஸ்காவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தன் தொகுதிக்கு ஒரு செங்கல்கூட வராத ஒரு திட்டத்துக்காக அவர் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். மக்கள் பணத்தில் கட்டியதைத் தனியார் ஒருவருக்கு நூறு ஆண்டு எழுதிக் கொடுக்க எந்த நாடாளுமன்றத்துக்கும் உரிமையில்லை என்பது அவர் நிலைப்பாடு. குழுவில் சாட்சிகளை அழைத்துக் கணக்குக் கேட்டார். பொதுத்துறையில் மின்சாரம் விற்ற கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கட்டணத்தையும் அமெரிக்கத் தனியார் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1924இல் ஃபோர்டு தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதோடு ஓயவில்லை. அரசே நடத்தட்டும் என்ற நாரிஸின் மசோதா 1928இல் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் கையெழுத்துப் போடாமலே அதைச் சாகவிட்டார். 1931இல் மறுபடியும் நிறைவேறியது. அடுத்த குடியரசுத் தலைவர் ஹூவர் திருப்பி அனுப்பினார். மக்களோடு அரசு வியாபாரத்தில் போட்டி போடுவதா என்பது ஹூவரின் கேள்வி. இத்தனைக்கும் இடையில் வில்சன் அணையின் மின்சாரம் வீணாகவில்லை. அரசிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிய தனியார் கம்பெனி, அணையைப் பார்த்தபடியே வாழ்ந்த ஊர்களுக்கு அதைப் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. அணை என்ற உள்கட்டமைப்பு பொதுச்சொத்தாக இருந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து புறப்படும் கம்பியும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை நாரிஸ் ஹெட்ச் ஹெட்சியில் ஒருமுறையும் மசில் ஷோல்ஸில் மறுமுறையும் கண்டார். பின்னால் அவர் எழுதிய சட்டங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பாடம் தெரிகிறது.

1933 ஜனவரியில், பதவியேற்க இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாரிஸையும் கூட்டிக்கொண்டு மசில் ஷோல்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு மே 18ஆம் தேதி டென்னசி பள்ளத்தாக்கு ஆணையச் சட்டம் கையெழுத்தானது. இந்தச் சட்டத்தைப் பேசுகிற பலரும் அதை மின்சாரச் சட்டமாகவே பேசுகிறார்கள். அதன் நீண்ட தலைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். படகுப் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு என்று தொடங்கி, உடனடியாக அடுத்து வருவது மறுபடி காடு வளர்ப்பதும் விளிம்புநிலை நிலங்களைச் சரியாகப் பயன்படுத்துவதும்தான். மலைச்சரிவில் மரம் இல்லையென்றால் மண் கரைந்து வரும். மண் வந்தால் அணை தூர்ந்துபோகும். அணை தூர்ந்தால் விளக்கு எரியாது. வனத்துறை ஒரு கட்டடத்திலும் மின்வாரியம் இன்னொரு கட்டடத்திலும் உட்கார்ந்திருப்பதையே பார்த்துப் பழகிய நமக்கு, இது ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது பெரிய விஷயமாகத் தோன்ற வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. டென்னசியின் கிளின்டனிலும் அலபாமாவின் மசில் ஷோல்ஸிலும் ஆணையம் நாற்றங்கால்கள் அமைத்தது. அரிப்பில் வாய்பிளந்து கிடந்த சரிவுகளில் வேலையில்லா இளைஞர் படை கன்றுகளை நட்டது.

கிராம மின்சாரத்துக்கு வருவோம். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. நகரத்துக்காரர்களுக்கு லிப்ட்டும் டிராமும் ஓடின. பண்ணைப் பெண்கள் கிணற்றில் நீர் இறைத்து, விறகடுப்பில் காய்ச்சி, கையால் துவைத்து, மண்ணெண்ணெய் விளக்கில் மீதி வேலையைப் பார்த்தார்கள். நாரிஸ் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. பண்ணைப் பெண்ணின் ஓயாத உழைப்பைப் பற்றி எழுதும் இடங்களில் அவருடைய நடையே மாறிவிடும். அது அம்மாவைப் பார்த்த கண். தனியார் கம்பெனிகளுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மைலுக்கு இரண்டு மூன்று வீடு. கம்பி இழுக்க மைலுக்கு 1500 முதல் 2000 டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தப் பணத்தை விவசாயியே முன்கூட்டிக் கட்டட்டும் என்றார்கள்.

ரூஸ்வெல்ட் 1935இல் ஓர் ஆணையால் தொடங்கிய கிராம மின்மய அமைப்பை நாரிஸும் டெக்சஸைச் சேர்ந்த சாம் ரேபர்னும் 1936 மே மாதம் சட்டமாக்கினார்கள். அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். ஆனால் கம்பி அரசுடையதல்ல; ஊரார் கூடி அமைக்கும் கூட்டுறவுச் சங்கத்துடையது. வீட்டுக்கு 5 டாலர் உறுப்பினர் கட்டணம். பொறியாளர்கள் கம்பங்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டி, உறுதியான கம்பி போட்டு, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வடிவமைப்பைக் கொண்டுவந்ததில் மைலுக்கு 1000 டாலருக்கும் கீழே செலவு இறங்கியது. கம்பங்கள் பெரும்பாலும் தெற்கத்திய பைன் மரங்கள், தார் எண்ணெயில் ஊறவைத்தவை. காடுதான் கம்பமாக நின்று மின்சாரத்தை ஊருக்குள் தூக்கிவந்தது. 1939இல் நான்கில் ஒரு பண்ணைக்கு மின்சாரம் வந்துவிட்டது. 1950களில் இருளில் கிடந்த பண்ணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு பேசப்படும் நாரிஸைப் பற்றிய நூல்களில் அவருடைய வனச்சட்டத்துக்கு ஓரிரு வரிதான் கிடைக்கிறது. அது நியாயமில்லை. டென்னசிச் சட்டம் கையெழுத்தாகிச் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1937 மே 18இல், நாரிஸ்-டாக்ஸி சட்டம் வந்தது. மிசிசிப்பியின் வால் டாக்ஸி கீழவையில் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் வரை செலவிட அனுமதி. அரசுக் காடுகளுக்கல்ல, விவசாயியின் சொந்த நிலத்தில் இருக்கும் மரங்களுக்கு. கன்று கொடுப்பது, நட்டதை வளர்க்கக் கற்றுக்கொடுப்பது, எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று ஆள் வந்து சொல்லித்தருவது ஆகியவை இதில் அடங்கும். நாரிஸ் குழுத் தலைவராக இருந்தபோது வந்த 1924ஆம் ஆண்டின் கிளார்க்-மெக்நாரி சட்டம் காட்டுத்தீத் தடுப்பிலும் மாநில உதவியிலும் கவனம் செலுத்தியது. 1937இன் சட்டம் ஒரு படி கீழே இறங்கி உழவனின் வரப்புக்கு வந்தது. காடு என்றால் வேலி போட்டு ஆள் நுழையாமல் காப்பது என்ற எண்ணத்திலிருந்து இது மாறுபட்டது. மரம் விவசாயத்தின் ஒரு பகுதி என்று இது சொன்னது.

இதற்குப் பின்னணி புழுதிப் புயல். நெப்ராஸ்கா மரமற்ற புல்வெளி நாடு. மரம் நடுவதற்கென்று ஒரு நாளை 1872இலேயே கொண்டாடத் தொடங்கிய மாநிலம் அது. 1930களில் மழை பொய்த்து, உழுது போட்ட மண் எழுந்து பறந்தபோது, ரூஸ்வெல்ட் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை காற்றுத்தடுப்பு மரவரிசைகள் நடச் சொன்னார். வனவியலாளர்களே பலர் சிரித்தார்கள். புல்வெளியில் மரமா என்றார்கள். நாடாளுமன்றம் பணத்தை நெருக்கியது. அந்த நேரத்தில் இத்திட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது நாரிஸ்-டாக்ஸி சட்டம்தான். ஒரு மரவரிசையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் அமைப்பு புரியும். ஓரத்தில் குத்துச்செடி, அடுத்து சிவப்புச் சீடார் போன்ற அடர்ந்த குட்டை மரம், நடுவில் காட்டன்வுட், எல்ம், ஆஷ் போன்ற நெட்டை மரங்கள். குறுக்குவெட்டில் ஓட்டு வீட்டுக் கூரைபோல இருக்கும். காற்று அதில் ஏறி மேலே தாவிப் போய்விடும். கீழே மண் அசையாது, பனி தங்கும், பயிர் பிழைக்கும். 1942 வரை சுமார் 22 கோடி மரங்கள் நடப்பட்டன. மொத்தம் 18,600 மைல் நீளம், 30,000 பண்ணைகள்.

பிறகு என்ன ஆயிற்று என்பது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். 1950களில் வட்டமாகச் சுற்றிவந்து நீர் தெளிக்கும் பாசன எந்திரம் வந்தது. அதன் நீண்ட கை தடையில்லாமல் சுற்ற வேண்டும். வழியில் நின்ற மரவரிசைகளை விவசாயிகள் வெட்டிச் சாய்த்தார்கள். அந்தப் பாசனத்தில் பெரும் பங்கு நடப்பது பொதுத்துறையும் கூட்டுறவுகளும் தரும் மின்சாரத்தில். நாரிஸ் கொண்டுவந்த மின்சாரம் நாரிஸ் காத்த மரங்களை வெட்ட வைத்தது. அவர் மனதில் ஒன்றாக இருந்த காடும் மின்சாரமும் அவர் போனபின் வெவ்வேறு அலுவலகங்களாகி, ஒன்றின் கணக்கில் மற்றது செலவாகிப் போனது. டென்னசியிலும் இதே கதைதான். போர்க்காலத்தில் ஓக் ரிட்ஜ் அணு ஆலைகளுக்கு மின்சாரம் கேட்டார்கள். அதன்பின் தேவை பெருகிக்கொண்டே போனது. ஆற்றுக்காகப் பிறந்த ஆணையம் நிலக்கரி எரிக்கும் பெரிய நிறுவனமாயிற்று. அதற்குக் கரி கொடுக்க கென்டக்கி மலைகளின் மேல்மண்ணைச் சீவி எடுத்தார்கள். மரம் நடச் சொன்ன சட்டத்தின் பிள்ளை மலையை மொட்டையடித்தது. 2008 டிசம்பர் 22 அன்று கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, 100 கோடி காலனுக்கும் மேலான சாம்பல் குழம்பு எமரி ஆற்றில் பாய்ந்து வீடுகளை நகர்த்தியது. எமரி போய்ச் சேரும் கிளின்ச் ஆற்றின் மேல்பகுதியில்தான் நாரிஸின் பெயர் தாங்கிய அணை நிற்கிறது.

அந்த அணைக்கு வருகிறேன். ஆணையம் முதலில் கட்டியது அதைத்தான். 1933 அக்டோபரில் தொடங்கி 1936 மார்ச்சில் முடிந்தது. உயரம் 265 அடி, நீளம் 1860 அடி. அலங்காரமில்லாத கான்கிரீட் முகம், பார்த்தால் கம்பீரமானது. நீர்த்தேக்கத்துக்காக 1,50,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்தார்கள். 2841 குடும்பங்கள் கிளம்பின. 5226 கல்லறைகளைத் தோண்டி இடம் மாற்றினார்கள். நிலத்துக்கு ஆணையம் ஒரு விலை சொல்லும், பேரம் கிடையாது, ஒப்பாதவர் நீதிமன்றம் போகலாம். நிலம் சொந்தமில்லாத குத்தகைக் குடிகளுக்கு நில இழப்பீடே இல்லை. ஏழைகளிலும் ஏழைகள் வெறுங்கையோடு போனார்கள். அணைத் தொழிலாளருக்காக நாரிஸ் என்ற பெயரிலேயே அழகான மாதிரி நகரம் ஒன்றைக் கட்டினார்கள். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அதில் வீடு கொடுக்கவில்லை.

நாரிஸின் பார்வை தடுக்கிய இடம் இதுதான் என்பது என் கருத்து. யார் உடைமை என்று அவர் விடாமல் கேட்டார். தனியாருக்கு எதிராகப் பொதுமக்கள் என்று சொன்னார். அந்தப் பொதுமக்களுக்குள்ளேயே நிலம் இழப்பவர் யார், விளக்குப் பெறுபவர் யார் என்ற இரண்டாவது கேள்வியை அதே பிடிவாதத்தோடு அவர் கேட்கவில்லை. ஹெட்ச் ஹெட்சியில் ஒரு பள்ளத்தாக்கையும் கிளின்ச் ஆற்றங்கரையில் சில ஊர்களையும் பெரும்பான்மையின் நன்மைக்கான விலையாக ஏற்றுக்கொண்டார். நேர்மையான மனிதர், கம்பெனிகளிடம் கைநீட்டாதவர், 1917இல் போருக்கு எதிராக வாக்களித்த ஆறு செனட்டர்களில் ஒருவராகத் தனித்து நிற்கத் துணிந்தவர். இவ்வளவு நல்லவரின் திட்டத்திலும் இந்த ஓட்டை இருந்தது என்பதால்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கதை வந்தது. 1943இன் தாமோதர் வெள்ளத்துக்குப் பிறகு, டென்னசி ஆணையத்தின் பொறியாளர் வூர்டுயின் வரவழைக்கப்பட்டுத் திட்டம் தந்தார். 1948 ஜூலையில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. அதன் சட்டத்திலும் காடு வளர்ப்பும் மண்ணரிப்புத் தடுப்பும் கழகத்தின் கடமைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. நாரிஸின் கை அங்கே தெரிகிறது. வூர்டுயின் சொன்ன அணைகளில் திலையா, கோனார், மைதான், பாஞ்செட் என நான்குதான் முதலில் எழுந்தன. இன்று கழகம் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அங்கும் அணைகளுக்காகக் கிளம்பியவர்களில் சந்தால் மக்கள் ஏராளம். டென்னசியில் கற்க வேண்டிய பாடத்தைத் தாமோதரில் கற்காமல் விட்டோம்.

1942 தேர்தலில் நாரிஸ் தோற்றார். 1944 செப்டம்பரில் மெக்குக் ஊரில் தன் வீட்டில் இறந்தார். அமெரிக்காவில் மின்விநியோகம் முழுவதும் பொது அமைப்புகளின் கையிலும் கூட்டுறவுகளின் கையிலும் இருக்கும் ஒரே மாநிலம் இன்றும் நெப்ராஸ்காதான். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விட்டுச்செல்லக்கூடிய சொத்துகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். கிளின்ச் ஆற்றில் அணை எழுந்தபோது முழுதாக மூழ்கிய ஊரின் பெயர் லாய்ஸ்டன். நாரிஸ் ஏரி மிக அகலமாக விரியும் அந்த இடத்தை உள்ளூர்க்காரர்கள் இன்றும் லாய்ஸ்டன் கடல் என்றுதான் சொல்கிறார்கள்.